பொறிக்கு ஆங்கிலம் தெரியாது

(குற்றாலத்தில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற பொழிவின் எழுத்துவடிவம்)



சாரல் வீசும் குற்றாலத்தில், பேரருவியின் ஓசை காதில் விழும் தொலைவில், கணினி நிரலைப் பற்றி ஒரு பொழிவு தேவைதானா என்று சிலர் எண்ணலாம். திரிகூடராசப்பரின் குறவஞ்சியைப் பேசினால் சுவையாக இருக்குமே என்றும் நினைக்கலாம். சுவையாகத்தான் இருக்கும். ஆனால் அப்புலவர் பிறந்த மேலகரத்தின் பிள்ளைகள் இன்று கணினியின் முன்னே அமர்ந்திருக்கிறார்கள். "தமிழால் இது ஆகாது" என்னும் பழி முன்னாளில் கோயில் வாயிலில் நின்றது. பிறகு இசைமேடையில் நின்றது. அதன் பிறகு கல்லூரி வகுப்பறையில் நின்றது. இன்று அது கணினித் திரையில் வந்து நிற்கிறது. பழி நிற்கும் இடத்துக்குத்தான் தமிழ்த்தொண்டர் செல்லவேண்டும். பழி விட்டுப்போன இடத்தில் நின்று முழங்குவதால் பயனில்லை.

ஒரு மாணவியின் முதல் நிரல்

இலஞ்சியிலோ ஆய்க்குடியிலோ கடையத்திலோ தமிழ்வழியில் படித்து மேனிலை வகுப்புக்கு வந்த மாணவி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டு மேனிலை முதலாண்டுக் கணினி அறிவியல் பாடநூல் 2018இல் புதுக்கப்பட்டபோது சி++ என்னும் மொழி அதில் இடம்பெற்றது. தமிழ்வழி மாணவர்க்குத் தமிழிலேயே பாடநூல் உண்டு. ஆனால் விளக்கம் மட்டுமே தமிழ். எழுதவேண்டிய நிரலோ ஆங்கிலச் சொற்களால் ஆனது. மாணவி நூலைப் பார்த்து எழுத்தெழுத்தாக நான்கைந்து வரிகளைத் தட்டுகிறாள். திரையில் ஒரு வாழ்த்தைக் காட்டுவதே அந்நிரலின் பணி. ஒரு வரியின் இறுதியில் அரைப்புள்ளி இட மறந்துவிடுகிறாள். இயக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்ததும் ஆங்கிலத்தில் ஒரு பிழைச்செய்தி வந்து விழுகிறது.

இன்ன சொல்லுக்கு முன் அரைப்புள்ளி வரவேண்டும் என்பதே அச்செய்தியின் பொருள். தமிழில் சொல்லியிருந்தால் ஒரு நொடியில் திருத்தியிருப்பாள். அவளுக்கு அரைப்புள்ளி தெரியாததன்று. காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி ஆகியவற்றைத் தமிழ் வகுப்பிலேயே கற்றவள் அவள். ஆயினும் அந்த ஆங்கில வரியைக் கண்டதும் அவள் உள்ளத்தில் எழும் எண்ணம் வேறு. "எனக்கு ஆங்கிலம் வராது, ஆகவே கணினியும் வராது" என்று முடிவு கட்டிவிடுகிறாள். பிழை ஒரு புள்ளியில் இருந்தது. அவளோ அதைத் தன் பிறப்பிலும் தன் மொழியிலும் இருப்பதாகக் கொண்டாள். இந்தப் பொய்ம்முடிவை அவள் நெஞ்சிலிருந்து அகற்றுவதே இன்றைய பொழிவின் நோக்கம்.

உண்மை என்ன? கணினிக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழ் அதற்கு எவ்வளவு அயன்மையோ, ஆங்கிலமும் அவ்வளவே அயன்மை. அது அறிந்தவை சுழியும் ஒன்றும் ஆகிய இரண்டு குறிகளே. மின்னோட்டம் இருப்பதும் இல்லாததுமாகிய அவ்விரு நிலைகளின் வரிசையாலேயே அதன் கட்டளைகள் யாவும் அமைகின்றன. மாந்தர் எழுதும் நிரலை அவ்வரிசையாகப் பெயர்த்துத் தருவதற்கு இடையிலே மற்றொரு நிரல் வேண்டியிருக்கிறது. அதைத்தான் ஆங்கிலத்தில் கம்பைலர் என்கிறார்கள்.

பெயர்ப்பதே அதன் தொழில்

இதற்குத் தமிழில் தொகுப்பி என்றும், மொழிமாற்றி என்றும், நிரல்பெயர்ப்பி என்றும் பல பெயர்கள் வழங்குகின்றன. எது தக்கது? கிரேசு ஆப்பர் என்னும் அமெரிக்க அம்மையார் 1952இல் 'ஏ-0' என்னும் அமைப்பை உருவாக்கினார். நாடாவில் முன்பே எழுதி வைத்த சிறுசிறு நிரற்பகுதிகளை வேண்டியவாறு எடுத்து ஒன்றுசேர்ப்பதே அதன் தொழிலாக இருந்தது. ஆகவே தொகுப்பது என்னும் பொருளில் அதற்குப் பெயர் வைத்தார்கள். பின்னர்த் தொழில் மாறியது, பெயர் மாறவில்லை. 1957இல் சான் பேக்கசும் அவர் குழுவினரும் ஐபிஎம் நிறுவனத்தில் போர்ட்ரான் மொழியை வெளியிட்டபோது, கணக்கியல் வாய்பாடுகளைப் பொறிமொழிக்குப் பெயர்த்துத் தருவதே முதன்மைப் பணியாயிற்று. எனவே தொகுப்பி என்பது ஆங்கிலச் சொல்லின் பெயர்ப்பு. நிரல்பெயர்ப்பி என்பது பொருளின் தொழிலைச் சுட்டும் கரணியப் பெயர். தொல்காப்பியர் வழிநூலின் வகைகளைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நான்காக வகுத்தார். அவர் வகுத்தவற்றுள் தொகுத்தல் வேறு, மொழிபெயர்த்தல் வேறு. இவ்வேறுபாடு தமிழர்க்குப் புதியதன்று.

அந்தப் பெயர்ப்பு நடக்கும் முறையைக் குற்றாலத்தில் இருந்துகொண்டு விளக்குவது எளிது. மலைமேல் தேனருவியில் விழும் நீர் செண்பக அருவியாகி, இறங்கிப் பேரருவியாகிக் கீழே வருகிறது. நீர் ஒன்றே, படிதோறும் அதன் வடிவம் வேறு. மாணவி எழுதிய மூலநிரலும் அவ்வாறே நான்கு படிகள் இறங்குகிறது. முதற்படியில், வேண்டிய தலைப்புக் கோப்புகள் கொண்டுவந்து சேர்க்கப்பெறும், சுருக்கங்கள் விரிக்கப்பெறும். இரண்டாம் படியில், நிரலின் இலக்கணம் ஆராயப்பெற்றுப் பொறிக்கு அண்மையான ஒரு குறிமொழிக்குப் பெயர்க்கப்பெறும். பிழைச்செய்திகளிற் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன. மூன்றாம் படியில், அக்குறிமொழி சுழியும் ஒன்றுமாகிய பொறிமொழி ஆகும். நான்காம் படியில், இணைப்பி என்னும் கருவி பிறர் எழுதி நூலகத்தில் வைத்த பகுதிகளைக் கோத்து, இயங்கத்தக்க ஒரு கோப்பை ஆக்கித் தரும். திரையில் எழுத்தைக் காட்டும் பணியை மாணவி எழுதவில்லை. அது முன்னோர் எழுதி வைத்தது. இந்நான்கும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவதால் ஒன்றெனவே தோன்றுகின்றன. அதன் பின்னர் அக்கோப்பைப் பெயர் சொல்லி அழைத்தால் நிரல் ஓடும். பெயர்ப்பது ஒரு செயல். இயக்குவது மற்றொரு செயல். முதல் நிரல் எழுதுவோர் பலர் முன்னதை முடித்துவிட்டுப் பின்னதை மறந்து காத்திருப்பதுண்டு.

ஆப்பர் அம்மையார் காட்டிய உண்மை

அப்படியானால் நிரல்மொழிகளில் ஆங்கிலம் எப்படி வந்து அமர்ந்தது? பொறி கேட்டதாலா? இல்லை. இதற்குச் சான்று அந்த ஆப்பர் அம்மையாரின் வாழ்விலேயே இருக்கிறது. 1950களின் நடுவில், அன்றாடச் சொற்களால் கட்டளை எழுதும் முறை ஒன்றை அவர் தம் நிறுவன மேலாளர்களிடம் காட்ட முனைந்தார். ஆங்கிலச் சொற்களால் எழுதிய ஒரு சிறு நிரலை இயக்கிக் காட்டினார். பின்னர் அதே நிரலைப் பிரெஞ்சுச் சொற்களாலும், அடுத்துச் செருமன் சொற்களாலும் எழுதிக் காட்டினார். மூன்றும் ஒரே பொறிமொழியாகப் பெயர்ந்தன. எழுத்துகள் பொறிக்கு வெறுங் குறிகளே, எந்நாட்டுச் சொல்லாயினும் அதற்கு ஒன்றே என்பதைக் காட்டுவதே அவர் கருத்து. மேலாளர்களோ திகைத்தார்கள். அமெரிக்காவில் செய்த கணினி பிரெஞ்சும் செருமனும் அறிவதாவது! அந்த எண்ணத்தையே அவர்களால் ஏற்க முடியவில்லை. இனி ஆங்கிலத்தில் மட்டுமே செய்வோம் என்று உறுதி கூறிய பின்னரே பணி தொடர்ந்தது. இதை அவ்வம்மையாரே பின்னாளில் எடுத்துரைத்தார்.

தமிழன்பர்களே, இதை நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தை விரும்பியவர்கள் மேலாளர்கள். பொறி அதைக் கேட்கவேயில்லை. அல்கால் 68 என்னும் நிரல்மொழியை உருசியர் தம் மொழிச் சொற்களால் அமைத்து நாட்டுத் தரமாகவே வெளியிட்டனர். அவர்தம் கணினி அதனால் பழுதுபடவில்லை.

'வணக்கம்' என்னும் ஐந்தெழுத்து

இனி அந்த முதல் நிரலுக்கு வருவோம். சி மொழியை டென்னிசு இரிட்சி 1972 அளவில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கினார். பிரையன் கெர்னிகனும் அவரும் சேர்ந்து 1978இல் வெளியிட்ட நூலில், உலகை விளித்து வாழ்த்தும் ஒரு சிறு நிரல் முதற்பாடமாக அமைந்தது. அதன்பின் எந்நாட்டில் எம்மொழி கற்பவரும் வாழ்த்தோடு தொடங்குவது மரபாயிற்று. தமிழ் மாணவி அந்த இடத்தில் 'வணக்கம்' என்று எழுதினால் என்ன ஆகும்? நிரல்பெயர்ப்பி மறுப்பதில்லை. மேற்கோட் குறிகளுக்குள் இருப்பதை அது ஆராயாது, அப்படியே எடுத்துக்கொள்ளும். நிரல் ஓடும், 'வணக்கம்' தோன்றும்.

சில கணினிகளில் கறுப்புத் திரையில் குலைந்த குறிகளோ வெறுங் கட்டங்களோ தோன்றலாம். அப்போதும் குற்றம் நிரலில் இல்லை. காட்டும் திரையின் குறியமைப்பில் இருக்கிறது. விண்டோசில் 65001 என்னும் குறிப்பக்க எண்ணைக் கொடுத்து, தமிழ் காட்டும் எழுத்துருவையும் தெரிந்தெடுத்தல் வேண்டும். இதை அறியாத ஆசிரியர், "தமிழெல்லாம் இதில் வராது" என்று ஒரு சொல் சொல்லிவிட்டால், அச்சொல்லே அம்மாணவிக்கு வாழ்நாள் முழுவதும் இலக்கணமாகிவிடுகிறது.

அடுத்ததாக அந்தச் சொல்லின் நீளத்தை அளக்கச் சொல்லுங்கள். அங்கேதான் தமிழ்ப்புலவர் விழிக்கவேண்டிய இடம் வருகிறது. வ, ண, க், க, ம் என ஐந்தெழுத்து என்று சொல்லும் தமிழ் இலக்கணம். சி மொழியின் நீளம் அளக்கும் சார்போ 21 என்று சொல்லும். ஏன்? உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் வழங்கும் ஒருங்குறியில் 'வணக்கம்' என்பது ஏழு குறிகள்: வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி. பரவலாக வழங்கும் சேமிப்பு முறையில் ஒவ்வொரு தமிழ்க்குறிக்கும் மூன்று பைட்டு இடம் வேண்டும். ஏழு மும்மை இருபத்தொன்று. சி மொழி எழுத்தை எண்ணவில்லை, பைட்டை எண்ணுகிறது.

இதில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. தமிழில் 'க்' என்னும் மெய்யே முதல். அதனோடு அகரவுயிர் சேர்ந்து 'க' பிறக்கிறது. ஒருங்குறியில் 'க' முதலாக வைக்கப்பெற்று, அதன்மேல் புள்ளி ஏற்றி 'க்' ஆக்கப்படுகிறது. பிறந்தது தாயாகவும் தாய் பிறந்ததாகவும் வைக்கப்பட்டுள்ளன. இதற்குக் கரணியம், 1988இல் இந்திய மொழிகளுக்கென நாகரி எழுத்தின் அமைப்பைத் தழுவி ஆக்கப்பெற்ற குறிமுறையையே ஒருங்குறியார் 1991இல் பின்பற்றியதாகும். தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கினர், தமிழெழுத்தோ 247. ஒவ்வோர் எழுத்துக்கும் தனியிடம் தரும் 16 துணுக்குக் குறிமுறையைத் தமிழ்நாட்டரசு 2010இல் ஒருங்குறியோடு சேர்த்துத் தரமாக ஏற்றது. ஆயினும் உலகக் கணினிகளில் நடைமுறையில் இருப்பது ஒருங்குறியே.

இதைச் சொல்லி வருந்துவதோடு நின்றுவிடலாமா? நின்றுவிட்டால் அது புலம்பல். அந்த மாணவியின் இரண்டாம் நிரலாக இதையே கொடுங்கள். குறிகளை ஒவ்வொன்றாகப் பார். புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் எண்ணாதே. மற்றவற்றை மட்டும் எண்ணு. இவ்வளவே நெறி. இப்போது கணினி 'வணக்கம்' ஐந்தெழுத்து என்று சொல்லும். வடவெழுத்துக் கூட்டுகளை ஒதுக்கிவிட்டால் தமிழ்ச்சொற்களுக்கு இந்நெறி பொருந்தும். பத்துப் பன்னிரண்டு வரிகளில் பொறிக்குத் தமிழ் எழுத்திலக்கணத்தைக் கற்பித்துவிட்டாள் அம்மாணவி. ஆங்கிலத்தைக் கண்டு அஞ்சியவள் ஆசிரியை ஆகிவிட்டாள்!

பெயரும் தமிழில் வைக்கலாம்

வாழ்த்து மட்டுமா தமிழில்? நிரலுக்குள் வைக்கும் பெயர்களும் தமிழாகலாம். 1999இன் சி மொழித் தரமே தமிழ் உள்ளிட்ட உலக எழுத்துகளைப் பெயர்களில் ஏற்றுக்கொண்டது. சிசிசி என்னும் கட்டற்ற நிரல்பெயர்ப்பியில், 2020இல் வந்த பத்தாம் பதிப்பிலிருந்து 'விலை', 'எடை', 'கூட்டுத்தொகை' என்று நேராகவே பெயர் வைக்கலாம். 1989ஆம் ஆண்டுத் தரப்படி சி மொழியின் ஒதுக்கச்சொற்கள் 32 மட்டுமே. முப்பத்திரண்டு வரியில் ஒரு தலைப்புக் கோப்பு எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ்ப்பெயர் சூட்டிவிட்டால், முதற்படியிலேயே அவை மாற்றப்பெற்றுவிடும்.

ஆனால் எல்லா மொழியும் இப்படி இடந்தருவதில்லை. கூகுள் நிறுவனத்தார் 2009இல் வெளியிட்ட 'கோ' என்னும் மொழியில் 'அறம்' என்று பெயர் வைக்க முடியாது. பெயரில் எழுத்தும் எண்ணுமே வரலாம் என்பது அதன் இலக்கணம். புள்ளியும் உயிர்மெய்க் குறியும் அதன் கணக்கில் எழுத்தல்ல. யாரும் தமிழைப் பகைத்துச் செய்ததன்று இது. அந்த அவையில் தமிழிலக்கணம் அறிந்தார் குரல் ஒலிக்கவில்லை, அவ்வளவே. குரல் ஒலிக்கவேண்டுமாயின் அந்த அவைக்குள் செல்லும் அறிவு முதலில் வேண்டும்.

தமிழில் எழுதுவோர்க்கும் கடுமையான ஒழுங்கு வேண்டும். ஓலைச்சுவடியில் புள்ளி இடாமல் எழுதினார்கள். படிப்போர் இடமறிந்து படித்தார்கள். பொறி இடமறியாது. 'ஔவை' என்பதன் முதலெழுத்தை ஓரிடத்தில் 'ஔ' என்றும், மற்றோரிடத்தில் ஒகரமும் ளகரமுமாகவும் தட்டினால், கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும். நிரல்பெயர்ப்பிக்கோ அவை இரு வேறு பெயர். 'கொடி' என்பதன் ஒகரக் குறியை ஒன்றாகத் தட்டுவதும், ஒற்றைக் கொம்பும் காலுமாகப் பிரித்துத் தட்டுவதும் அவ்வாறே. அச்சகத்தில் பிழைதிருத்துவோர் கண்ணுக்குத் தப்பும் பிழையும் இங்கே தப்பாது.

முப்பத்திரண்டு சொல்லை மாற்றுவதால் தமிழ் நிரல்மொழி பிறந்துவிட்டது என்றும் மயங்கவேண்டா. ஆங்கிலம் 'இஃப்' என்பதை முன்னே வைக்கும். தமிழோ 'மழை பெய்தால்' என்று கட்டுப்பாட்டைப் பின்னே வைக்கும். சொல் மாறியும் தொடரமைப்பு அயலாகவே இருக்கும். முத்து அண்ணாமலை என்பார் 2009இல் ஆய்வுரை வழியாக அறிமுகம் செய்த 'எழில்' மொழி இதனை உணர்ந்து செய்யப்பெற்றது. அதில் கட்டுப்பாடு முன்னும் 'ஆனால்' என்னும் சொல் பின்னும் நிற்கும். எழுத்தைக் காட்ட 'பதிப்பி' என்று சொன்னால் போதும். அது முன்கூட்டிப் பெயர்த்து வைக்கும் மொழியன்று. அவ்வப்போதே பொருள்கொண்டு இயக்கும் மொழி. எனினும் முதற்படி ஏறும் தமிழ்ப்பிள்ளைக்கு நல்ல கைத்தாங்கல்.

செய்யவேண்டியது

தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் சோகோ நிறுவனம் 2011இல் ஓர் அலுவலகம் தொடங்கியது. கல்லூரி செல்லாத பள்ளியிறுதி மாணவரையும் சேர்த்து நிரலாக்கம் பயிற்றும் அதன் பள்ளி இப்பகுதியிலும் இயங்குகிறது. வயலுக்கும் மலைக்கும் நடுவில் இருந்துகொண்டு உலகோர் பயன்படுத்தும் மென்பொருளை ஆக்க முடியும் என்பது இன்று கண்கண்ட உண்மை. ஊரை விட்டால்தான் வாழ்வு என்றார்கள்; அது பொய்யாயிற்று. மொழியை விட்டால்தான் அறிவு என்கிறார்கள், அதையும் பொய்யாக்கவேண்டும். ஆங்கிலம் கற்கவேண்டா என்று யாரும் சொல்லவில்லை. முதற்படியில் அதைக் கதவாக வைத்துப் பூட்டாதீர்கள் என்பதே வேண்டுகோள்.

இதற்குத் தமிழியக்கத்தார் செய்யவேண்டியது என்ன? கம்பைலருக்குத் தொகுப்பியா, நிரல்பெயர்ப்பியா என்று பத்தாண்டு வழக்காடலாம். வழக்காடும் இருவரும் ஒரு முறையேனும் ஒரு நிரலைப் பெயர்த்து இயக்கிப் பார்த்ததில்லையென்றால் அவ்வழக்கால் என்ன பயன்? சொல்லாக்கம் தேவை; சொல்லை ஆள்வோர் இல்லாத சொல்லாக்கம் அகரமுதலியில் உறங்கும். ஒவ்வொரு தமிழாசிரியரும் ஒரு முறையேனும் 'வணக்கம்' நிரலை எழுதி இயக்கிப் பார்க்கட்டும். அடிக்கடி வரும் இருபது முப்பது பிழைச்செய்திகளைத் தமிழாக்கி ஒரு தாளில் அச்சிட்டுப் பள்ளிக் கணினி அறையின் சுவரில் ஒட்டட்டும். சிசிசியின் செய்திகள் பிரெஞ்சு, செருமன், சப்பானியம், துருக்கியம் முதலிய மொழிகளில் தன்னார்வலர்களால் பெயர்க்கப்பெற்றுள்ளன. அதன் மூலம் திறந்து கிடக்கிறது. எவர் இசைவையும் எதிர்பார்த்து நிற்கவேண்டியதில்லை. தமிழிலும் அச்செய்திகள் செவ்விய தமிழாய், முழுமையாய் அமைய உழைப்பது ஒரு குழு சில மாதங்களில் செய்யத்தக்க தொண்டு.

இறுதியாக ஒன்று. தென்காசிப் பெருங்கோயிலை 15ஆம் நூற்றாண்டில் எழுப்பிய பராக்கிரம பாண்டியன் அங்கே ஒரு வேண்டுகோளைக் கல்லில் பொறித்து வைத்தான். இக்கோயிலுக்குப் பிற்காலத்தில் ஒரு குறை நேருமாயின், வந்து அதனைத் திருத்திக் காப்பவர்களை உலகறியப் பணிகிறேன் என்பது அதன் கருத்து. முடியுடை வேந்தன், தன் பணியில் குறை நேரக்கூடும் என்று ஒப்பினான். திருத்த வருவோரை முன்கூட்டியே வணங்கினான். சிதைந்து நெடுங்காலம் குறையாய் நின்ற அக்கோயிலின் கோபுரம் 1990இல் மீண்டும் எழுந்து நிற்பதைத் தென்காசியார் கண்ணாரக் காண்கின்றனர்.

முதல் நிரலில் பிழை வந்து கண்கலங்கும் மாணவிக்கு அக்கல்வெட்டைக் காட்டுங்கள். பிழை வருவது இழிவன்று. திருத்துவோரே வணங்கத்தக்கவர் என்று சொல்லுங்கள். அரைப்புள்ளியை இட்டு மீண்டும் இயக்கச் சொல்லுங்கள். திரையில் 'வணக்கம்' தோன்றும். அன்று அவள் நெஞ்சிலிருந்து "தமிழால் ஆகாது" என்னும் பழி தானே இறங்கிப் போகும்.

வாழ்க தமிழ்! வளர்க தமிழர் அறிவு!